பாரமில்லாத சாப்பாடும் புத்தளத்துச் சஹனும்

ஊருக்கு ஒரு வேன் இருக்கிறதோ இல்லையோ, வேனுக்கு ஒரு லேசான சாப்பாட்டுக்காரர் இருப்பார். நீங்கள் அவரைக் கண்டிருப்பீர்கள். தூரப் பயணம் என்ற சொல் காதில் விழுந்ததுமே, மற்றவர்கள் எதை உடுப்பது, எந்தப் பாதையால் போவது என்று யோசித்துக்கொண்டிருக்க, பாதை முழுக்க மற்றவர்களின் வயிற்றுக்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்று தீர்மானிக்கிற பொறுப்பை அல்லாஹ் தன் தலையில்தான் வைத்திருக்கிறான் என்று நம்பி, முந்தின நாள் அஸர் தொழுத கையோடு குசினிக்குள் நுழைகிறாரே, அவரேதான்.

அவரை அடையாளம் காண்பது கஷ்டமா? இல்லை. கையில் பை இருக்கும். கக்கத்தில் இன்னொன்று. காலடியில் மூன்று. சீட்டுக்கு அடியில் இருப்பதை இறங்கும்போதுதான் காண்பீர்கள். அவருக்கு மூன்று வசனம் தெரியும்: "இது பாரமில்ல." "வயித்தில நிக்கவே நிக்காது." "சும்மா ஒரு வாய்." இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் இலங்கையைச் சுற்றி வந்துவிடுவார். வழியிலே ஒரு சாப்பாட்டுக் கடையைக் கண்டுவிட்டால் மட்டும் முகம் கறுக்கும். "அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இரிக்கிற ரோல்ஸப் பாருங்க. அதுக்கும் என்ட மூத்த மகளுக்கும் ஒரே வயசு" என்பார். அதற்குப் பிறகு யாருக்கு ரோல்ஸ் இறங்கும்?

சாய்ந்தமருதில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிற பக்கீர் முகைதீன், ஊருக்கே மூத்த அண்ணன் போலக் 'காக்கா', இந்த இனத்தில் நல்ல சாதி. முதல் வரிசையில் நின்று தொழுகிறவர். யாருக்கும் கெடுதி நினைக்காதவர். ஒரு வெள்ளிக்கிழமைப் பேப்பரில் வந்த சுகாதாரப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறவர். அந்தப் பேப்பர் எந்த வருஷத்தது என்று கேட்கக் கூடாது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில், சென்றிப் பொயின்ற்றுக்குச் சென்றிப் பொயின்ற் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நாலு மணித்தியாலத்துப் பயணம் ஒன்பது மணித்தியாலம் இழுத்தபோது, அவருடைய அவித்த கௌபிப் பயறும் வாழைப்பழமும்தான் பஸ்ஸில் அழுத பிள்ளைகளின் வாயை மூடின. ஒரு தரம் ஒரு சிப்பாய் துவக்கைத் தோளில் கொளுவிக்கொண்டு கௌபிப் பையைக் கிளறிப் பார்த்தான். பிறகு ஒரு பிடி வாயில் போட்டான். பிறகு இன்னொரு பிடி. பஸ்ஸை முதலாவதாக விட்டும் விட்டான். அன்றைக்குப் பிடித்ததுதான் காக்காவுக்கு இந்தப் பெருமை.

சண்டை முடிந்தது. பாதை திறந்தது. கடைகள் திறந்தன. பை மட்டும் மூடவில்லை.

அவருடைய தங்கச்சி றாஹிலாவுக்கு அந்தப் பையைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல நா எழும்பாது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அவளுடைய புருஷனும் போனார், கடற்கரையோரம் மகள் ஜெஸீலாவுக்கென்று கட்டிய வீடும் போனது. அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில் மூன்று நாளாக வாயில் பச்சைத் தண்ணீர் வைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, எங்கிருந்தோ கொண்டு வந்த அவித்த மரவள்ளிக் கிழங்கை உப்பில் தொட்டு, "சும்மா ஒரு வாய், தங்கச்சி" என்று ஊட்டியவர் காக்காதான். அந்தக் கை நீளும்போது இவளுடைய வாய் தானாகத் திறக்கும். அதுதான் அவளுடைய வியாதி.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் ஊரில் பாதை போட வந்தவர்களோடு புத்தளத்துப் பொடியன் ஒருவன் மேற்பார்வைக்கு வந்தான். பக்கத்து ஒழுங்கையில் தங்கியிருந்தான். ஜெஸீலாவைப் பற்றி விசாரித்தான். நம் பக்கத்தில் மாப்பிள்ளை கேட்டுப் போகிறவர்கள் பெண் வீட்டார் என்பதும், போகிறவர்கள் கையில் ஒரு வீடு இருக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். முதலாவது சம்பந்தம் வீடு இல்லை என்று முறிந்தது. வீட்டுத் திட்டத்தில் இரண்டு அறை வீடு கிடைத்த பிறகு வந்த இரண்டாவது சம்பந்தம், வீடு சிறிசு என்று முறிந்தது. இது மூன்றாவது. "வீடு கிடக்கட்டும், புள்ளையத் தாங்க" என்று சொன்ன முதல் வாய் இந்தப் பொடியனுடையதுதான். ஆனால் அவனுடைய உம்மா மர்ழியா இன்னும் வாய் திறக்கவில்லை. "வாங்க, பகல் சோறு எங்கட வீட்டிலதான்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த உம்மாவிடமிருந்து சம்மதமென்று ஒரு "ஓம்" வாங்கி வர வேண்டும். றாஹிலாவுக்கு இந்த உலகத்தில் அன்றைக்கு வேறு தேவை இல்லை.

புறப்படும் முன்பே அவள் சொல்லிவிட்டாள். "காக்கா, நான் வழியில ஒண்ணும் தின்னமாட்டன். அவங்கட சோத்த வயிறு நிறையத் திண்டாத்தான் மரியாதை."

"அதுக்குத்தானே புள்ள லேசான சாப்பாடு!" என்றார் காக்கா. "அங்க போய்ச் சோறு தின்ன வயிறு காலியா இரிக்கணுமில்லியா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

சுபஹ் தொழுது, பயண துஆ ஓதி, எட்டுப் பேரோடு வேன் கிளம்பியது. ஓட்டியவர் பாண்டிருப்புப் பூபாலசிங்கம். காக்காவோடு பல பயணம் போய்வந்த அனுபவசாலி. களுவாஞ்சிக்குடி தாண்டவில்லை, முதல் பை அவிழ்ந்தது. தேங்காய்ப்பூப் போட்ட கௌபி.

"இது பாரமில்ல."

ஓட்டமாவடிப் பாலத்தில் வெள்ளரிக்காய், உப்பும் மிளகும் தூவி. மன்னம்பிட்டியில் குரக்கன் றொட்டி, கையகலம், "பேப்பரைப் போல மெல்லிசு." பேப்பர்தான், ஆனால் ஆளுக்கு மூன்று பேப்பர். பொலன்னறுவையில் அவித்த பயறு. பிறகு கொய்யாப்பழம். கொய்யாவுக்குப் பிறகு வத்தகப்பழம். அது வெறும் தண்ணீராம், கணக்கில் சேராதாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். பாரமான சாப்பாடு பொறுமையுள்ளது. கட்டிக்கொண்டு போன புரியாணி பின்னேரம் வரை காத்திருக்கும். லேசான சாப்பாட்டுக்குப் பொறுமை இல்லை. வெள்ளரிக்காய் வதங்கும். பயறு புளிக்கும். ஆகவே இந்தப் பை முடிந்த பிறகுதான் அடுத்த பை, இதை இப்போதே முடிக்க வேண்டும், ஏனென்றால் வீணாக்கினால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும். மார்க்கத்தையும் வெயிலையும் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு நடுவில் ஒருவர் பயறை நீட்டினால், தப்ப வழி எங்கே? பை லேசாகிக்கொண்டே வந்தது. அதிலிருந்த பாரம் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"காக்கா," என்றார் பூபாலசிங்கம் ஹபரணைச் சந்தியில், "உங்கட சாப்பாடு லேசுதான், நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா வேனுக்கு மூணாம் கியர் இழுக்குதில்ல."

"அது எஞ்சின்ட பழுது, தம்பி. நீ வாயத் திற."

"ஐயோ, வேணாம் காக்கா. பெல்ட்டை ஏற்கெனவே ரெண்டு ஓட்டை தள்ளிப் போட்டாச்சி."

"சும்மா ஒரு வாய்."

பூபாலசிங்கம் திறந்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கையும் இருக்கிற மனிதனால் வேறு என்ன செய்ய முடியும்?

றாஹிலா முதலில் ஒரு பிடி மட்டும் என்று வாங்கினாள். பிறகு காக்காவின் முகம் வாடக் கூடாது என்று வாங்கினாள். அனுராதபுரம் வரும்போது வாங்குவதை நினைக்காமலே வாங்கினாள். நொச்சியாகமப் பக்கத்தில் ஒரு பள்ளிவாசலில் ளுஹர் தொழ இறங்கினார்கள். ஸுஜூதுக்குக் குனிந்தவளுக்குக் கௌபி ஒரு பக்கமும் வத்தகப்பழம் மறுபக்கமும் நின்று பேச்சுவார்த்தை நடத்துவது கேட்டது. "யா அல்லாஹ், அந்தச் சோத்த மட்டும் என்னைத் தின்ன வெச்சிரு" என்று அவள் கேட்ட துஆவை, சாப்பாடு கிடைக்காதவர்கள் கேட்பதுதான் உலக வழக்கம்.

புத்தளத்தில் அந்த வீட்டு வாசலில் இறங்கும்போதே நெய்ச்சோற்று வாசம் வந்தது. இன்னொரு நாளாக இருந்தால் அந்த வாசத்துக்கு நாக்கு ஊறியிருக்கும். அன்றைக்கு றாஹிலா மூச்சை அடக்கிக்கொண்டு படி ஏறினாள்.

ஆண்கள் விறாந்தையில். பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம். பாய் விரித்து, வெள்ளைத் துணி விரித்து, கை கழுவத் தண்ணீர் கொண்டு வந்து, நடுவில் சஹனை வைத்தார்கள். ஒரு பெரிய தட்டு, சுற்றிவர ஆறு பேர், ஆளுக்கு முன்னால் ஒரு பாத்தி சோறு, நடுவில் கோழி. தனித் தட்டென்றால் கறிவேப்பிலைக்கு அடியில் கொஞ்சத்தை ஒளிக்கலாம். சஹனில் எதை ஒளிப்பது? ஆறு பேருடைய கையும் ஆறு பேருடைய கண்ணுக்கு முன்னால். மற்ற ஐந்து பாத்தியும் அறுவடையாகிக்கொண்டு போக, றாஹிலாவின் பாத்தி மட்டும் விளைந்த வயலாக அப்படியே நின்றது. போதாததற்கு, நேரெதிரே இருந்த மர்ழியா நல்ல நல்ல துண்டாகப் பிய்த்து அவள் பக்கம் போட்டுக்கொண்டே இருந்தார்.

"என்ன, உறைப்புக் கூடிட்டா?"

"இல்ல ராத்தா. அல்ஹம்துலில்லாஹ். நல்லா இரிக்கி."

"நல்லா இருந்தா சோறு ஏன் அப்படியே கிடக்குது?" மர்ழியாவின் குரல் இறங்கியது. "எங்கட குடும்பத்தில ஒரு வழக்கம் இருக்கு. பொண்ணு வீட்டாள் சஹனை மிச்சம் வெச்சிட்டு எழும்பினா, இந்தச் சம்பந்தம் விருப்பமில்ல எண்டு வாயால சொல்லாமச் சொல்லுறது. நாங்களும் அதுக்குப் பிறகு கேக்கமாட்டம்."

றாஹிலாவின் கை சோற்றுக்குள்ளே நின்றது. சாய்ந்தமருதில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிற ஜெஸீலாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பிஸ்மி சொல்லி ஒரு வாய் வைத்தாள். அது போய்ச் சேர இடம் தேடியது. இன்னொரு வாய். ஒரு விக்கல்.

அந்த நேரம் பார்த்துத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து காக்காவின் குரல் கணீரென்று வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா றஸாக் ஹாஜியாரிடம் கதைக்கிறார்.

"ஹாஜியார், குறை நினைக்காதீங்க. சோறு எண்டது பாரம். தூரம் வந்த வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது. எங்கட ஆக்கள் லேசாத்தான் தின்னுவாங்க."

பெண்கள் பக்கம் ஆறு கையும் நின்றுவிட்டன. றாஹிலாவுக்குப் பாய் நழுவுவது போல இருந்தது. முதலாவது சம்பந்தத்தைக் கடல் கொண்டுபோனது, இரண்டாவதை அறை எண்ணியவர்கள் கொண்டுபோனார்கள், மூன்றாவதைக் கௌபியா கொண்டுபோக வேண்டும்?

 திரைக்கு அந்தப் பக்கமிருந்து றஸாக் ஹாஜியாரின் குரல், சந்தோஷத்தில் உடைந்து:

"சுப்ஹானல்லாஹ்! இந்த வயசுக்கு இப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்ச மனிசனைக் காணுறன்! நானும் இதைத்தானே வருஷக்கணக்காச் சொல்லுறன், இந்த வீட்டில ஆரு கேக்கிறா? போன கிழமை கொழும்புக்குப் போகக்குள்ள நான் முளைகட்டின கடலைதான் கட்டிக்கொண்டு போனன்!"

மர்ழியா கண்ணை மூடினார். பழைய பல்வலி ஒன்று திரும்பி வந்ததைப் போல இருந்தது அந்த முகம். பிறகு கண்ணைத் திறந்து, குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"வழியில என்ன தந்தாரு?"

றாஹிலா ஒளிக்கவில்லை. கௌபி என்றாள். வெள்ளரிக்காய் என்றாள். றொட்டி, பயறு, கொய்யா, வத்தகப்பழம்.

"முட்டை?"

"ஆளுக்கு ரெண்டு. வெள்ளை மட்டும். மஞ்சள் பாரமாம்."

"மஞ்சளை ஆரு தின்னுற?"

"காக்கா. வீணாக்கக் கூடாதெண்டு."

மர்ழியாவின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று றாஹிலாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"உங்களுக்குக் காக்கா, எனக்குப் புருசன்," என்றார் மர்ழியா. "உங்களுக்காவது பயணத்துக்கு மட்டும்தான். எனக்கு அந்த வேன் நிக்கிறதே இல்ல. இஞ்ச தள்ளுங்க."

"என்ன ராத்தா?"

"சோத்தத் தள்ளுங்க எண்டன். ஒரே சஹன்தானே, ஆர் பக்கம் கிடந்தா என்ன? இஞ்ச ஒரு பிடி, அவகிட்ட ஒரு பிடி. பொண்ணிட உம்மா சஹனை மிச்சம் வெச்சா எண்டு எங்கட ஆக்கள் நாளைக்குக் கதைக்கக் கூடாது பாருங்க."

ஐந்து கை நீண்டது. விளைந்து நின்ற வயலை ஐந்து பேரும் சேர்ந்து அறுத்தார்கள். கடைசியில் ஒரேயொரு பிடி சோறு மிஞ்சியது. அதை மர்ழியா திரட்டி, கோழியில் ஒரு சின்னத் துண்டு வைத்து, றாஹிலாவிடம் நீட்டவில்லை. தானே தின்றார். தட்டின் அடி பளிச்சென்று தெரிந்தது.

"சரி," என்றார் மர்ழியா விரலை வழித்துக்கொண்டு. "எங்களுக்கு ஓம். கலியாணத்துக்கு நல்ல நாளாப் பாருங்க. ஆனா ஒண்டு, கலியாணச் சாப்பாட்டை இந்த ரெண்டு ஆம்புளையளிட கையிலயும் குடுக்கிறதில்ல."

றாஹிலா அழுதாள். விக்கலும் நின்றது.

விறாந்தையிலோ நேரம் போனது தெரியாமல் மாநாடு நடந்துகொண்டிருந்தது. சம்பந்தம் முடிந்த செய்தியைக் கொண்டு போனபோது, காக்காவும் ஹாஜியாரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, அவித்த சோளம் பயணத்துக்கு உகந்ததா, பொரித்த சோளம் உகந்ததா என்ற இடத்திலிருந்து மறுபடி தொடர்ந்தார்கள். திரும்பிப் புறப்படும்போது ஹாஜியார் வாசல்வரை வந்தார். கையில் பை. ஒரு பை அல்ல. பூபாலசிங்கம் பெல்ட்டைக் கழற்றி டேஷ்போர்ட்டில் வைத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்ல மனிதர்களைப் பார்த்துச் சிரிப்பதில் பாவமில்லை. உங்களிடம் அப்படிப் பை ஒன்றும் இல்லை, ஏதோ பிள்ளைகளுக்காக ஒரு சின்ன டப்பா, அதுவும் எண்ணெய் சேர்க்காதது, அவ்வளவுதானே? நல்லது. அடுத்த பயணத்தில் ஒருமுறை பின்சீட்டைத் திரும்பிப் பாருங்கள். வேனில் இருக்கிற எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தால், அது நித்திரை இல்லை, நடிப்பு. உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.