உழவு தேடப் போன கதை

அன்பு மைத்துனனுக்கு, அத்தான் எழுதுவது. என் முழங்கால் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். அங்கும் முழங்கால் உட்பட எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

பணி ஓய்வு பெற்றுச் சும்மா கிடந்த என்னை, எம்.ஏ. வரலாற்றில் தன்னோடு சேர்த்துவிட்டவள் உன் அக்கா. அது நீ அறிந்ததே. போன வாரம் எங்கள் பேராசிரியை, நம் வீட்டுப் பெண்ணைவிடச் சின்னவர், உழவின் வரலாறு பற்றி ஆளுக்கொரு கட்டுரை கேட்டார். கொடுக்காதவர் ஃபெயில் என்றும் சொன்னார். நூலகத்தில் போய்க் கணினி முன் உட்கார்ந்தேன். பக்கத்துப் பையன்கள் ஒரே சொல்லைத் தட்டி, முதலில் வந்த நூலின் அலமாரி எண்ணை எழுதிக்கொண்டு ஓடினார்கள். நான் மரியாதை தெரிந்தவன். ‘ஐயா, உளவு பற்றி ஒரு நல்ல நூல் தந்து உதவவும்’ என்று அடித்தேன். எதுவும் இல்லை என்றது. ஐயாவை எடுத்தேன், உதவியை எடுத்தேன், ஒவ்வொன்றாக எடுத்து ஒற்றைச் சொல் மிஞ்சியதும் திரை நிரம்பி வழிந்தது. ‘எதிரியை அறிதல்’ என்று ஒரு நூல். எதிரி என்றால் களைதான் என்று நினைத்துக்கொண்டேன். கை கொள்ளாமல் அள்ளிப் போனால், மேசையிலிருந்த நூலகர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?”

“எங்க அப்பா, தாத்தா எல்லாரும் இதுலதாம்மா இருந்தாங்க. நான்தான் ஆபீஸ் வேலைக்குப் போயிட்டேன்.”

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒரு பக்கத்திலும் மாடு இல்லை. உன் அக்கா எட்டிப் பார்த்தாள். “ஏங்க, ‘ழ’ போட வேண்டிய இடத்துல ‘ள’ போட்டிருக்கீங்க” என்றாள். அவளோ சரியான நூல் ஒன்றைப் பிடித்து, அது எந்தப் பொருள் தலைப்பில் இருக்கிறது என்று பார்த்து, அந்தத் தலைப்பைத் தட்டி, அலமாரியில் அக்கம்பக்கத்தையும் துழாவி, நூலகத்திலிருந்த கலப்பை அத்தனையையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்றே ஒன்று கொடு என்று கெஞ்சினேன். தான் எழுதி முடித்த பிறகு பார்க்கலாமாம். கட்டிய கணவன் என்றுகூடப் பார்க்கவில்லை. வேறு வழியின்றி, உழவர் வேடத்தில் வயல்வெளியில் திரிந்த உளவாளிகளைப் பற்றி எழுதி, இரண்டு எழுத்துக்கும் இடம் கொடுத்துக் கட்டுரையை நீட்டிவிட்டேன். ஃபெயில் உறுதி. இனி எனக்குப் படிப்பும் வேண்டாம், இந்த வீடும் வேண்டாம். வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், பின்னறையை ஒழித்து வை.

குழந்தைகள் நோய்நொடியின்றி, தேடியது தேடிய இடத்தில் கிடைத்து வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நொந்துபோன உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பேராசிரியை போன் செய்தார். மற்ற கட்டுரைகள் எல்லாம் அவரைத் தூங்க வைத்தனவாம், என்னுடையதுதான் எழுப்பியதாம். வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டுமாம். ஆகவே நான் வரவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருப்பது உன் அக்கா. பின்னறையை அவளுக்குக் கொடு. காரணம் மட்டும் கேட்டுவிடாதே, அடிக்குறிப்புகளோடு சொல்லுவாள்.