எண்பதைத் தாண்டினால் யாரைக் கூப்பிடுவது?

என் அன்பு மகள் பல் டாக்டருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம், வீடும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நீதான் ஒன்பது நாளாக ஃபோனை எடுக்கவில்லை, அதனால் பேனாவை எடுத்தேன்.

பாய்லர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன என்னை மருந்து கம்பெனி சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்ளப் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அங்கே பத்து நாளாக ஒரு புது ஏற்பாடு. சர்வரின் பளு நூற்றுக்கு எண்பதைத் தாண்டினால் அதுவாகவே ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பும். உன் தொழிலில் சொன்னால், லேசாகக் கூசியதுமே ஓடி வருகிறவன் உன் பொழுதைக் கெடுப்பான், முகம் வீங்கிய பிறகு வருகிறவன் பல்லையே இழப்பான், நடுவில் ஒரு கோடு வேண்டும். அந்தக் கோடு ஏன் எண்பது? எழுபத்தொன்பது என்ன பாவம் செய்தது? இஞ்சினியரைக் கேட்டேன், எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள் என்றார். எனக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று அறுபது வைத்தேன், மெசேஜ் வரவில்லை. முப்பது வைத்தேன், பத்து வைத்தேன், ம்ஹூம். விடுவேனா, ஆபீஸில் இருந்த இருபத்தாறு பேரையும் ஒரே நேரத்துல எல்லா ஃபைலையும் திறக்கச் சொன்னேன், ஃபேன் இரைச்சல் மாடி வரைக்கும் கேட்டுச்சு, திரையில தொண்ணூத்தேழு, ஸ்டோர் கிளார்க் அம்மா காலையிலேர்ந்து தட்டின லிஸ்ட் அம்போன்னு போச்சு, என் ஃபோன் மட்டும் கம்முனு கிடந்தது. மேனேஜர் இறங்கி வந்தார்.

"ஐயா, வெள்ளிக்கிழமைக்குள்ள இது உங்களைக் கூப்பிடலைன்னா நீங்க குடோன் பக்கம் போயிடுங்க."

எனக்கு அந்த ரூம் வேணும்மா. நாற்பது வருஷம் மீட்டர் பார்த்த கண்ணுக்கு அட்டைப் பெட்டி எண்ண வராது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. முப்பத்திரண்டு பல்லும் முழுசாக இருக்க, நீங்கள் இருவரும் நூறு வருஷம் வாழ வேண்டும்.

அப்பா

பி.கு.: கவரை ஒட்டும்போது மாப்பிள்ளை பேசினார். யாரோ ஒரு பைத்தியம் நானூற்றுப் பன்னிரண்டு மெசேஜ் அனுப்பியதால் நீ ஃபோனை அணைத்து பீரோவில் போட்டுவிட்டாயாமே. ஓடிப்போய் இஞ்சினியரோடு உட்கார்ந்து பார்த்தேன். ஆரம்பத்தில் அந்த மெஷின் நிரப்பச் சொன்ன ஃபாரத்தில், "அவசரத்துக்கு யாருக்குத் தெரிவிக்க வேண்டும்" என்று ஒரு கட்டம். ஆஸ்பத்திரியோ பேங்கோ, அந்தக் கட்டத்தில் நான் உன் நம்பரைத்தான் எழுதுவேன், கைப்பழக்கம். சர்வர் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. இப்போது என் நம்பரைப் போட்டாயிற்று, ஓயாமல் அடிக்கிறது, ரூம் எனக்குத்தான். பைத்தியம் நான்தான் என்று மாப்பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை, நீயும் சொல்லாதே. பீரோவிலிருந்து ஃபோனை எடு. இனிமேல் மெஷின் கூப்பிடாது, அப்பாதான் கூப்பிடுவேன். எடும்மா.