கூடலூரின் இத்தாலியப் பயிற்சியாளர்

தோற்றுப்போன அணிக்குப் பயிற்சியாளராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. ஆடியவர்கள் ஒரே நிறத்தில் பனியன் போட்டிருப்பார்கள். எங்கும் ஓடி ஒளிய முடியாது. பயிற்சியாளர் நினைத்தால் கூட்டத்தோடு கலந்துவிடலாம். நான் அப்படிக் கலந்தவன். அன்று நான் கோட்டு போட்டிருந்ததால் கலப்பதற்குச் சற்றுச் சிரமப்பட்டேன், அவ்வளவுதான்.

முதலில் என்னைப் பற்றி. தெருத்தெருவாகப் போய்க் குடிநீர்க் குழாய்களை எண்ணி எழுதுகிற உத்தியோகத்தில் முப்பத்து நாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணுகிற பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பந்தியில் எத்தனை இலை என்று எண்ணிவிட்டுத்தான் தண்ணீர் தெளிப்பேன். பஸ்ஸில் ஏறினால் ஜன்னல்களை எண்ணுவேன். ஒன்று குறைந்தால் அன்று முழுவதும் மனசு சரியிருக்காது. (என் மனைவி இதற்கு மதுரையில் டாக்டர் இருக்கிறார் என்கிறாள்.)

ஓய்வுக்குப் பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் கிடைக்காமல், மகன் வாங்கிக்கொடுத்த செல்போனில் பழைய கால்பந்து ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அப்படிப் பிடிபட்டவர்தான் அந்த இத்தாலிக்காரர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கேயோ நிம்மதியாக இருக்கிற மனிதர். என் விஷயத்தில் அவரை எதற்கு இழுக்க வேண்டும்?

ஆடிய காலத்தில் அவர் பின்வரிசைக்காரர். கோல் போடுவது அவர் வேலையில்லை, அடுத்தவன் போடாமல் பார்த்துக்கொள்வதே வேலை. முட்டி தேய்ந்ததும் பயிற்சியாளரானார். நீளக் கோட்டு, வாயில் சூயிங்கம், மைதானத்தின் எல்லைக்கு வெளியே கைகட்டி நிற்கிற அந்த நிலை. ஒரு கிளப் அவரைத் துரத்தும், இன்னொன்று கூப்பிடும், அதுவும் துரத்தும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மைக்குக்கு முன்னால் வந்து நின்று, "பையன்கள் நன்றாக ஆடினார்கள், திட்டம் என்னுடையது, தப்பும் என்னுடையது" என்பார். நானும் உத்தமபாளையத்தில் கல்லூரியில் படித்தபோது பின்வரிசைக்காரன்தான். என் முட்டியும் தேய்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது பயிற்சியாளர் ஆவது ஒன்றுதான்.

அந்த வாய்ப்பை என் தங்கை பேச்சியம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மகன் பாண்டி எங்கள் கூடலூர் அணியின் கோல்கீப்பர். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். குமுளியில் நடக்கிற செவன்ஸ் போட்டிக்கு, அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற போட்டிக்கு, எங்கள் அணியைக் கூப்பிட்டிருந்தார்கள். அதைப் பார்க்கக் கட்டப்பனைப் பக்கத்து கிளப் ஒன்றின் மேனேஜர் வருகிறார், கீப்பர் தேடுகிறார் என்று தகவல்.

"அண்ணே, இந்தத் தடவ எடுக்கலைன்னா இவன் திங்கக்கிழம திருப்பூருக்கு பஸ் ஏறுறான். பனியன் கம்பெனியில இவன் சித்தப்பா சொல்லி வச்சுட்டாக. நீ பந்து விளையாண்ட ஆளுதான, புள்ளைக்கு ரெண்டு வார்த்த சொல்லிக் குடு" என்றாள்.

அவள் கேட்டது ரெண்டு வார்த்தை. நான் அணியையே எடுத்துக்கொண்டேன்.

இத்தாலிக்காரரின் பெருமையெல்லாம் ஆப்சைடு பொறியில் இருந்தது. விஷயம் எளிது. பந்தை அடிக்கிற நேரத்தில் எதிரணி ஆள் நம் பின்வரிசையைத் தாண்டி கோல் பக்கமாக நின்றால் அது ஆப்சைடு; அவன் போடுகிற கோல் செல்லாது. ஆகவே அவன் ஓடத் தொடங்கும்போது நம் பின்வரிசை மொத்தமும் ஒன்றாக முன்னே நடந்து வந்துவிட்டால், அவன் தானாகவே அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வான். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்த்தால் போதும். பின்னால் துரத்தி ஓட வேண்டியதில்லை. அந்த இத்தாலிக்காரர் ஓர் ஆட்டத்தில் பதினேழு தடவை கை தூக்கியதை நான் எண்ணியிருக்கிறேன்.

அறுவடை முடிந்த வயலில் பயிற்சி. ஏழு பேரில் நாலு பேரைப் பின்வரிசையில் நிறுத்தினேன். சேர்ந்து நடக்க வராததால் மாட்டுக் கயிற்றால் நாலு பேர் இடுப்பையும் இணைத்துக் கட்டினேன். நான் விசில் ஊதியதும் முன்னே வந்து வலது கையைத் தூக்க வேண்டும். அந்த வழியாகப் போனவர்கள் வண்டியை நிறுத்தி, போலீஸ் பிடித்த கேஸா என்று விசாரித்தார்கள்.

நாலு பேரில் மாயாண்டிக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை. அவன்தான் முதலில் முனகினான். "பெரியப்பா, பந்தலுக்குக் கீழ நாள் முச்சூடும் கையத் தூக்கிக்கிட்டேதான் நிக்கிறேன். இங்கனயுமா?"

"அதனாலதான்டா உன்னைப் போட்டிருக்கேன். உனக்குக் கை வலிக்காது."

பாண்டி மட்டும் ஒன்று கேட்டான். "மாமா, நாம செவன்ஸ் ஆடுனதே இல்ல. ஒரு நா அங்கன போயி ஒரு ஆட்டம் பாத்துட்டு வந்துருவமா?"

"பந்து அங்கயும் உருண்டையாத்தான்டா இருக்கும்" என்றேன். (அன்று இதைப் பெரிய வாக்கியமாக நினைத்தேன்.)

போட்டி நாளன்று மகனின் ரிசப்ஷன் கோட்டை எடுத்து மாட்டினேன். மனைவி வாசலில் மறித்தாள். "யாரு கல்யாணத்துக்கு?"

"குமுளியில குளிரும்."

"சாயங்காலம் நாலு மணிக்கா?"

ஜீப்பில் ஏறினேன். வழியில் சூயிங்கம் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டேன். கழுத்தில் விசில் தொங்கியது. மலைச்சரிவில் மைதானம். சுற்றிலும் ஜனம். எண்ண ஆரம்பித்து இருநூறைத் தாண்டியபோது ஆட்டம் தொடங்கிவிட்டது.

ஆரம்பித்த சற்று நேரத்திலேயே எதிரணி ஆள் ஒருவன் எங்கள் பின்வரிசையைத் தாண்டி ஓடினான். நான் கண்ணைக் காட்டினேன். என் நாலு பேரும் ராணுவம் மாதிரி முன்னே வந்து கையைத் தூக்கினார்கள். அப்படி ஓர் அழகு! பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஆள் தன்னந்தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு போய் பாண்டிக்கு முன்னால் நின்று, நிதானமாக ஒரு மூலை பார்த்து உள்ளே தள்ளினான். நடுவர் நடு மைதானத்தைக் காட்டினார்.

"ஆப்சைடு!" என்று கத்த வாயைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. சூயிங்கம் என் பல்செட்டின் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் ஒட்டிவிட்டது. கையை மட்டும் தூக்கினேன். ஆக, மைதானத்தில் ஐந்து கைகள்.

இரண்டாவது கோலும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. உள்ளூர் நடுவர், உள்ளூர் அணி, வேண்டுமென்றே ஊதாமல் இருக்கிறார் என்று முடிவு கட்டினேன். பல்செட்டைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "விடாமத் தூக்குங்கடா! ஒரு தடவையாவது அந்தாளு ஊதித்தான ஆகணும்!" என்று கத்தினேன். கூட்டத்துக்கு எங்கள் ஆட்டம் பிடித்துப்போனது. எங்கள் ஆட்கள் கை தூக்கும்போதெல்லாம் அத்தனை பேரும் சேர்ந்து தூக்கினார்கள்.

இடைவேளையில் நாலுக்குப் பூஜ்யம். நேராக நடுவரிடம் போனேன்.

"ஏன் சார், உங்களுக்குக் கண்ணு தெரியலையா? நாலு கோலும் ஆப்சைடு!"

அவர் கோபப்படவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு என் கோட்டை ஒரு தரம் மேலும் கீழுமாகப் பார்த்தார். "சேட்டா, இது செவன்ஸ். செவன்ஸில் ஆப்சைடு இல்லா."

"எப்ப இருந்து?"

"எப்பவும் இல்லா."

அவரிடமிருந்து எங்கள் பையன்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இருபது கெஜம் இருக்கும். அந்த இருபது கெஜத்துக்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. போனதும், "தப்புப் பண்ணிட்டேன்டா, கையை இறக்குங்க, ஆளைப் பிடிங்க" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும்.

"என்ன பெரியப்பா சொன்னாக?" என்றான் மாயாண்டி, தோளைத் தேய்த்துக்கொண்டே.

"எச்சரிச்சுட்டு வந்திருக்கேன். இனிமே ஊதுவாரு."

பாண்டி கையுறையைக் கழற்றியிருந்தான். உள்ளங்கை ரெண்டும் சிவந்திருந்தது. கோலானது நாலுதான், அவன் தடுத்தது பல. "மாமா, ரெண்டு பேராச்சும் பின்னால நிக்கட்டுமே. அங்கிட்டு அந்த மேனேஜரு உக்காந்திருக்காரு" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், மற்றவர்கள் முன்னால் என்னை எதிர்த்துப் பேசியதாக ஆகிவிடக் கூடாது என்று.

"வரிசை உடையக் கூடாது" என்றேன்.

இரண்டாம் பாதியில் ஐந்து கோல். முதல் நாலுக்கு என் அறியாமை காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். பின்னால் வந்த ஐந்தும் தெரிந்தே நான் வாங்கிக்கொடுத்தவை. எத்தனையோ எண்ணியிருக்கிறேன், அந்த ஐந்தை எண்ணியபோது மட்டும் கூட்டல் தவறாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

ஆட்டம் முடிந்ததும் விளக்குத் தூண் ஒன்றின் ஓரமாக ஒதுங்கினேன். விசிலைச் சட்டைக்குள் போட்டேன். தொப்பி வைத்த ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். மேனேஜர் பேபிச்சன் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"சேட்டா, இந்தத் தமிழ்நாட்டு டீமோட கோச்சு ஆரு? எனிக்கு அந்த ஆளை ஒன்னு காணணும்."

இத்தாலிக்காரர் இந்த இடத்தில்தான் மைக்குக்கு முன்னால் வந்து நிற்பார். அவரிடமிருந்து கோட்டை எடுத்துக்கொண்டேன், சூயிங்கத்தை எடுத்துக்கொண்டேன், தூக்கிய கையை எடுத்துக்கொண்டேன். இதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

"கோச்சு வரலை" என்றேன்.

"அப்போ நிங்கள்?"

"நானா? நான் ஜீப்புக்கு நிக்கிறேன்."

"இந்தக் கோட்டு?"

"குளிரு."

அந்த நேரம் பார்த்துச் சட்டைக்குள் இருந்த விசில் பொத்தான் இடைவெளி வழியாக நழுவி வயிற்றுக்கு மேல் வந்து தொங்கியது. இருவரும் அதைப் பார்த்தோம். திரும்பினால் பின்னால் பாண்டி. முழங்கையெல்லாம் சிராய்ப்பு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

"ஆமா சார்" என்றான் பாண்டி. "கோச்சுக்குக் காய்ச்சல், வரலை. இவுக எங்க மாமா. எனக்குத் துணைக்கு வந்தாக."

அவன் என்னைத் திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

பேபிச்சன் பாண்டியின் தோளில் கை வைத்தார். அவர் பேசியது பாதி மலையாளம். சாரம் இதுதான்: ஒன்பது போனது கீப்பர் குற்றமில்லை. முன்னால் ஒருத்தரும் இல்லாமல் ஒற்றை ஆளாக நின்று இத்தனை பந்து பிடித்தவனை அவர் பார்த்ததில்லை. திங்கட்கிழமை கட்டப்பனைக்கு வந்துவிட வேண்டும். போகும்போது என் பக்கம் திரும்பி, "ஆ கோச்சினோடு பறயணும், இனி பந்துகளி வேண்டா" என்றார். (அந்தக் கோச்சுக்கு இனிமேல் பந்தாட்டமே வேண்டாமாம்.)

"சொல்லிடறேன்" என்றேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மலையிறக்கத்தின் வளைவுகளைக்கூட எண்ணாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் பாண்டிக்கு வழியனுப்பு விருந்து. கோழிக் குழம்பு. எல்லாரும் சந்தோஷமாக இருந்ததால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மூன்றாவது முறை சோறு வாங்கும்போது மெல்ல ஆரம்பித்தேன். "ஒரு விதத்துல பாத்தா, பின்வரிசை ஒழுங்கா நின்னு காப்பாத்தியிருந்தா, பாண்டிக்குப் பந்தே வந்திருக்காது. அந்த மேனேஜரும் இவனைக் கவனிச்சிருக்க மாட்டாரு. அந்தத் திட்டத்தாலதான்..."

பேச்சியம்மாள் குழம்புக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். "திட்டமா? கோச்சுதான் அன்னைக்கு வரவே இல்லையாமே அண்ணே?"

என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. மாயாண்டி இலையை விட்டு எழுந்து வெளியே ஓடினான், சிரிப்பதற்கு.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் பாலைப் பொங்கவிட்டவர், கரண்டு பில் கட்ட மறந்தவர், மாத்திரையை மாற்றிப் போட்டுக்கொண்டவர் எல்லாரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: "கோச்சு வரலை."

போன மாதம் பாண்டி தன் கிளப் பையன்களைச் சுருளி அருவிக்குக் கூட்டிப்போகிற வழியில் என் வீட்டுக்கும் அழைத்து வந்தான். வரிசையாக நின்றார்கள். "எனக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்த கோச்சு இவுகதான்" என்றான், முகத்தை வெகு பணிவாக வைத்துக்கொண்டு.

வந்திருந்தவர்கள் ஏழு பேர். ஆறு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குக் கை கொடுத்தார்கள். ஏழாவது பையனால் முடியவில்லை.