செக்ரோலில் கிடைத்த போர்வீரர்

மம்பாவ் பக்கத்துத் தோட்டம்,
ஜப்பானியர் கணக்கில் 2604-ஆம் ஆண்டு (நம் கணக்கில் 1944), ஆகஸ்டு 9, டோக்கியோ நேரம் காலை எட்டு.

கோலா பிலாவில் வாழும் மதிப்பிற்குரிய அத்தான் திருநாவுக்கரசு அவர்களுக்கு, மைத்துனன், தோட்டக் கணக்கெழுதும் கணேசமூர்த்தி கிராணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என்னிடம் வேலைபார்க்கும் தங்கள் மகன் நல்லசாமியும் மரவள்ளிக் கிழங்கின் கிருபையால் உயிரோடிருக்கிறோம். அக்காளின் மூட்டுவலி நீங்கியிருக்க முருகனை வேண்டுகிறேன்.

நிற்க. இருபது ஆண்டு இங்கே ரப்பர் மரம் சீவி, இப்போது மேடைதோறும் முழங்கும் தலைவர் இராஜமாணிக்கம், நேற்று நான் பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டுக்கே வந்து, ரப்பர் பால் பீப்பாயின்மேல் ஏறி, அமெரிக்காவின்மீது போர் தொடுத்தார். பசிபிக் கடலை நீந்தியே கடப்பாராம். மம்பாவ் ஓடையை இதுவரை பாலத்தின் வழியாகவே கடந்தவர். "காலையில கெளம்புனா மத்தியானம் வாஷிங்டன்ல சோறு!" என்றார். "சோறா? அப்ப எம் பேர மொதல்ல எழுதிக்கங்க சாமி!" என்று கத்தினாள் மரம் சீவும் முத்தாயி. இரண்டாண்டாக அரிசியைக் காணாத கூட்டம் அப்போதுதான் கைதட்டியது. அருகில் நின்ற ஜப்பானிய அதிகாரிக்கோ தோட்டத்துக்கு ஓர் ஆண்பிள்ளை போர்முனைக்கு வேண்டும். அதற்கான விதிகளை முந்தின நாளே நான் எழுதிக்கொடுத்திருந்தேன்: பெயர் வாசித்ததும் முதலில் 'வந்தேங்க' என்பவனே தொண்டன், பின்னர் அவன் போக முடியாமற் போனால், பெயரை வாசித்தவரே அவ்விடத்தை நிரப்ப வேண்டும். இரண்டாவது விதி, கிராணிகள் பொய்ப்பெயர் வாசிப்பதைத் தடுக்க. "மாமா, நீங்க கூப்ட்டா பழக்கத்துல வாய் தானா தெறந்துடும். எம் பேரத் தாண்டிப் போயிடுங்கலா!" என்று அழுதான் தங்கள் மகன். தாண்ட விதியில்லை. ஆண்கள் எல்லோரும் வாயைப் பொத்தி நிற்க, தொழிலாளர் பெயர்ப்பதிவான செக்ரோல் புத்தகத்தைத் திறந்தேன். முதல் பெயர் இராஜமாணிக்கம்! எழுத்துமூலம் விலகாதவர் பெயரை நான் அடிப்பதில்லை. வாசித்தேன். "வந்தேங்கய்யா!" என்று பீப்பாயிலிருந்து குதித்துக் கைகட்டி நின்றார் தலைவர். அதிகாரி இடுப்புவரை குனிந்து வணங்கினார். "கிராணியாரே, நான் பேசத்தானேய்யா வந்தேன்!" என்றார் தலைவர். பேச்சுக்குத் தனிப் பதிவேடு இல்லையென விளக்கினேன்.

அடுத்த புதன்கிழமை அவரைப் போர்முனைக்கு ஏற்றிப்போக லாரி வரும். இதைக் கிழங்குக் கூடையில் மறைத்து, உங்கள் ஊருக்குக் கிழங்கு விற்க வரும் மங்கம்மாவிடம் தருகிறேன். வாசித்ததும் அடுப்பில் இடவும். அக்காளுக்கு ஆரோக்கியமும் தங்களுக்கு ஒரு படி அரிசியும் ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
கணேசமூர்த்தி

பி.கு.: பாதத்தில் ஆணியென்று வைத்தியச் சீட்டுக் கொடுத்துவிட்டு, தலைவர் சற்றுமுன் மீண்டும் பீப்பாய்மேல் ஏறிவிட்டார். அதிகாரி என் இரண்டாவது விதியை எனக்கே வாசித்துக் காட்டினார். நல்லசாமி பத்திரம். புதன்கிழமை லாரியில் நான். எனக்கு நீந்தத் தெரியாது. அதற்கு விதி எழுத மறந்துவிட்டேன்.