வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை இந்தப் பூமியில் இரண்டே வகை மனிதர்கள்தான் பிறந்திருக்கிறார்கள். குறை சொல்கிறவர்கள் ஒரு வகை. குறை கேட்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரால்தான் போர்கள் மூண்டன, அரசுகள் கவிழ்ந்தன, அண்ணன் தம்பிகள் நடுச்சுவர் எழுப்பினார்கள். இரண்டாம் வகையினரால்தான் சலவை இயந்திரங்கள் இன்னமும் விற்பனையாகிக்கொண்டிருக்கின்றன.

தேன்குரல் இரண்டாம் வகை. அதிலும் உச்சாணிக் கொம்பு.

அது அவளுடைய பெயர் இல்லை. சலவை இயந்திரக் கம்பெனியின் 'குறைதீர்க்கும் பிரிவு' அவளுக்குக் கொடுத்த பட்டம். அந்தப் பிரிவு ஒரு நீண்ட கூடம். வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கணினி, காதில் மாட்டும் போன், உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடி. கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. பேசும்போது சிரித்தபடி பேசினால் அந்தச் சிரிப்பு வாடிக்கையாளரின் காதுக்குக் கேட்கும் என்று கம்பெனி கண்டுபிடித்திருந்தது. ஆகவே எல்லோரும் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, துணி கிழிந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குறைதீர்ப்பு ஒரு கலை. அதற்கு ஐந்து படிகள். முதலில் நன்றி சொல்ல வேண்டும். அடுத்து வருந்த வேண்டும். பிறகு, 'உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது' என்று சொல்ல வேண்டும். அதன்பின், 'உடனே கவனிக்கிறோம்' என்று உறுதி தர வேண்டும். கடைசியாக, 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்று கேட்க வேண்டும். கேட்கும்போதே ஆள்காட்டி விரல் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானின் மேல் இருக்க வேண்டும். இந்த நுட்பம் பயிற்சிக் கையேட்டில் கிடையாது. தேன்குரல் சொந்தமாக வளர்த்தது. கேள்விக்கும் பொத்தானுக்கும் நடுவில், 'இல்லை' என்று சொல்வதற்குச் சரியான இடைவெளி விடுவாள். அதற்கு மேல் ஒரு மூச்சுகூடக் கிடையாது. அழைப்பு முடியும், குறை தீரும், சுவரில் தொங்கும் பலகையில் அவள் பெயர் முதலிடத்தில் மின்னும்.

இப்படிப்பட்டவளின் கண்ணிலிருந்து ஒருநாள் தண்ணீர் வந்தது.

அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. அழுகைக்குக் காரணம் வேண்டும். இது, கண்ணாடியில் அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அவளைக் கேட்காமல், இரண்டு கன்னத்திலும் இறங்கியது. ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் தீர்மானித்தாள். மறுநாள், தூசு. அதற்கடுத்த வாரம் பேருந்தில், சமையலறையில், பல் தேய்க்கும்போதுகூட வந்தது. ஏசியும் தூசும் தன் மேல் கொண்டிருந்த பற்றை எண்ணி அவள் வியந்தாள்.

வீட்டில் அவள் குரல் இன்னும் இனித்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர் ஒரு மாலை, "சட்டை இன்னும் காயலையே?" என்றார்.

"தெரியப்படுத்தியதற்கு நன்றிங்க. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்."

கணவர் ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டு போனார். அப்படி ஒரு குரலோடு யாரால் சண்டை போட முடியும்?

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் மட்டும் கொஞ்ச நாள் கேலி செய்து பார்த்தாள். "அம்மா, உங்கிட்ட பேசணும்னா ஒண்ணை அழுத்தணுமா, ரெண்டை அழுத்தணுமா?" பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். பள்ளி விட்டு வந்ததும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பிட வருவாள், போவாள். அந்த வீட்டிலிருந்து குறை என்று ஒன்றும் எழுவதேயில்லை. கம்பெனிக் கணக்குப்படி அது மிகச் சிறந்த வீடு. ஆனால் அந்த மூடிய கதவைக் கடக்கும்போதெல்லாம் தேன்குரலுக்கு, ஏசியே இல்லாத அந்த வீட்டுக் கூடத்தில் ஏசி காற்று ஒத்துக்கொள்ளாமல் போனது.

பிறகு அந்த அழைப்பு வந்தது. ஒரு மனிதர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "கதவு இறுக்கமாத்தாம்மா மூடியிருக்கு! ஆனா கீழ ஒழுகிக்கிட்டே இருக்கு! வீடெல்லாம் தண்ணி!"

"அழைத்தமைக்கு நன்றி சார். உங்களுக்கு ஏற்பட்ட..." என்று தொடங்கியவளின் மூக்கு உறிஞ்சியது.

கத்தல் நின்றது. "ஏம்மா... உனக்குச் சளியா? இல்ல, அழறியா?"

இதற்குப் படி இல்லை. தேன்குரல் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடி சிரித்துக்கொண்டிருந்தது. வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. கூடத்தின் மிகப் பெரிய குற்றம் 'மௌனம்'. அது நிகழ்ந்தது. நிகழ்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்த மனிதர், "சரிம்மா, நீ பாத்துக்க. நான் துணி போட்டுத் துடைச்சுக்கறேன்" என்று அவரே வைத்துவிட்டார்.

மேற்பார்வையாளர் அவளை அழைத்தார். நல்லவர். மன அழுத்தம் பற்றிய சுற்றறிக்கையை அந்த வாரம்தான் படித்திருந்தார்.

"நம்ம கம்பெனி உங்க மனசை ரொம்ப மதிக்குதும்மா."

"நன்றி சார்."

"அதுக்குன்னே ஒரு ஆலோசகர் வராங்க. தயங்காம மனசைத் திறந்து பேசிடுங்க. சாப்பாட்டு இடைவேளையில."

"சாப்பாடு சார்?"

"மனசு நிறைஞ்சா வயிறு தன்னால நிறைஞ்சிடும். சீக்கிரம் சரியாகிடுங்க. இல்லேன்னா உங்களைப் போன்ல இருந்து எடுக்க வேண்டியிருக்கும்."

'அமைதி அறை' என்று பலகை மாட்டியிருந்த அந்த அறை, முன்பு திருப்பி அனுப்பப்பட்ட ரப்பர் குழாய்களை அடுக்கும் இடமாக இருந்தது. மனதை விரிவாக்கும் பொருட்டுச் சுவரில் ஒரு அருவிப் படம் ஒட்டியிருந்தார்கள். குழாய் வாசனை மட்டும் போகவில்லை. மூலையில் விலைச்சீட்டு பிரிக்காத பிளாஸ்டிக் செடி. கைக்கெட்டும் தூரத்தில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஒரு கால் குட்டையான நாற்காலி.

ஆலோசகர் தன்னைவிட வயதில் சிறியவராக இருந்தது தேன்குரலுக்கு ஏமாற்றமாக இருந்தது. தூக்கமில்லாத கண்கள் வேறு.

"சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?"

"நான் ரொம்ப நல்லா இருக்கேன் மேடம். நீங்க எப்படி இருக்கீங்க? சரியா தூங்கலையா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. இடைவேளை முடிவதற்குள் ஆலோசகரின் மாடி வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கக் கட்டிலை நகர்த்துவது, அதை வீட்டுச் சொந்தக்காரர் காதில் போட்டுக்கொள்ளாதது, முட்டி வலி எல்லாம் வெளியே வந்துவிட்டன. தேன்குரல் நன்றி சொன்னாள், வருந்தினாள், புரிந்துகொண்டாள். கைக்குட்டைப் பெட்டியையும் எடுத்து நீட்டினாள்.

அன்று மாலை கணவரிடம், "பாவங்க அந்தப் பொண்ணு. மனசுல என்னென்னவோ வெச்சுக்கிட்டு இருந்திருக்கு. இப்ப பரவாயில்ல" என்றாள்.

"உனக்கு?"

"எனக்கென்ன?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த வாரம் ஆலோசகர் உஷாராக இருந்தார்.

"போன வாரம் வீட்டுக்குப் பாதி வழி போனப்பறம்தான் உறைச்சுது. நான்தான் பேசியிருக்கேன். என் வேலையில இப்படி ஒருத்தர் என்னைக் கவுத்ததே இல்ல."

"மிக்க நன்றி மேடம்."

"அது பாராட்டு இல்லம்மா. சரி, இன்னிக்கு நீங்க ஒரே ஒரு குறை சொல்லுங்க. சின்னதா இருந்தாக்கூடப் போதும்."

தேன்குரல் யோசித்தாள். தினமும் அத்தனை பேரின் குறையைக் கேட்டவளுக்கு, சொந்தச் சரக்கு ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை.

"இந்த நாற்காலி கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"...ரொம்ப நல்லா இருக்கு மேடம்."

"நாற்காலி வருத்தப்படாதும்மா. சொல்லுங்க."

"ஆடுது," என்றாள் தேன்குரல். சொன்ன கையோடு, "மன்னிச்சுக்கோங்க" என்று நாற்காலியிடமே சொன்னாள்.

ஆலோசகர் எழுந்து வந்து, காகிதக் கைக்குட்டையை நான்காக மடித்து நாற்காலியின் குட்டைக் காலடியில் செருகினார். ஆட்டம் நின்றது. குறையைச் சொன்னால் அது சரியாகவும் கூடும் என்ற செய்தி, குறைதீர்க்கும் பிரிவின் நட்சத்திரத்துக்கே அன்றுதான் எட்டியது.

மூன்றாவது தடவை ஆலோசகர் எதுவுமே கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். அறையில் மௌனம். சுவர்ப் பலகையில் தன் பெயர் சரிவது தேன்குரலின் மனக்கண்ணுக்குத் தெரிந்தது. பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"மேடம்... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

மறுபடி மௌனம். கேள்வி இல்லை, படி இல்லை, பொத்தான் இல்லை. அவ்வளவுதான், தேன்குரல் உடைந்தாள். இது ஏசி அல்ல, தூசு அல்ல. மூக்கு ஒழுக, வாய் கோண, எந்தக் கண்ணாடியிலும் காட்ட முடியாத ஒரு முகத்தோடு அழுதாள்.

"எம் பொண்ணு எங்கிட்ட பேசுறதில்ல. எதுக்குன்னே தெரியல. அந்தக் கதவு முன்னாடி நிக்கிறேன், தட்டப் பயமா இருக்கு. தட்டிட்டு என்ன பேசறது? எனக்கு எந்தக் குரல்ல பேசறதுன்னே தெரியல மேடம்."

ஆலோசகர் உடனே கவனிப்பதாகச் சொல்லவில்லை. புரிகிறது என்றுகூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதே குரல் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

அது கரகரத்த, அடைத்த, தேனில் ஒரு துளியும் சேராத குரல்.

அன்று மாலை அந்தக் குரலோடு மகளின் கதவைத் தட்டினாள்.

"என்ன?"

"எனக்கு... எனக்கு ஒரு குறை இருக்கு."

கதவு கொஞ்சம் திறந்தது. "எந்த டிபார்ட்மென்ட்டுக்கு?"

"உன் டிபார்ட்மென்ட்டுக்குத்தான். நீ எங்கிட்ட பேசாம இருக்கிறது எனக்குக் கஷ்டமா இருக்கு."

மகள் கதவைப் பிடித்தபடியே அம்மாவைப் பார்த்தாள். தேன்குரலின் நாக்கில் ஐந்து படிகளும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

"லைன்ல இருக்கியா?" என்றாள் மகள், சந்தேகமாக.

"இருக்கேன்."

"அன்னிக்கு ஒருநாள் நீ என் ரூமுக்கு வந்தப்ப சொன்னேனே, கிளாஸ்ல யாரும் என் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறாங்கன்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. டீச்சர்கிட்ட பேசறேன்னு சொன்னேன்."

"பேசினியா?"

டீச்சரிடம் தேன்குரல் பேசியிருக்கவில்லை. 'உடனே கவனிக்கிறோம்' என்பது கவனிப்பதற்காகச் சொல்லப்படுவது அல்ல என்று மகளுக்கு எப்படி விளக்குவது?

"அதுகூடப் பரவாயில்லம்மா. கடைசியில, 'வேற ஏதாவது உதவி வேணுமா கண்ணு'ன்னு கேட்ட."

"ஆமா."

"வேணும்னு சொன்னேன். அதுக்குள்ள நீ கதவைச் சாத்திட்டுப் போயிட்ட."

தேன்குரல் அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்து மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று அந்த வீட்டில் எந்தக் குறையும் தீரவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. கணவர்கூட அந்தப் பக்கம் வந்து, தயங்கித் தயங்கி, ஈரச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

ஆலோசனையின் தீய விளைவுகள் கம்பெனியில் சீக்கிரமே தெரிந்தன. கண்ணில் தண்ணீர் குறைந்தது உண்மைதான். ஆனால் தேன்குரல் அழைப்பவர்களைப் பேச விட்டாள். கேட்டாள். ஒழுகும் இயந்திரத்துக்கு ஆள் போனாரா என்று திரும்ப அழைத்து விசாரித்தாள். போகவில்லை என்று தெரிந்தால், "போகல" என்றே சொன்னாள். சுவர்ப் பலகையில் அவள் பெயர் வழுக்கி வழுக்கிக் கடைசிக்கு வந்தது. மேற்பார்வையாளர் அழைத்தார்.

"ஏம்மா, கவுன்சலிங் போறதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தீங்க?"

"இல்ல சார்."

"உங்களுக்கு என்ன குறை இங்க?"

இப்படி ஒரு கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதை அவர் மறந்திருந்தார். தேன்குரல் சொன்னாள். சாப்பாட்டு இடைவேளையில் மனதைத் திறக்கச் சொன்னதைச் சொன்னாள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க விடாததைச் சொன்னாள். சிரிக்கச் சொல்லும் கண்ணாடியைச் சொன்னாள். அனுப்பாத ஆட்களை அனுப்புகிறோம் என்று சொல்லச் சொன்னதைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்காமல் சொன்னாள்.

மேற்பார்வையாளர் கனிவோடு தலையசைத்தார். அவரும் ஒரு காலத்தில் போனில் இருந்தவர்தான்.

"வெளிப்படையா சொன்னதுக்கு நன்றிம்மா. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம். உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது. உடனே கவனிக்கிறோம்." எழுந்து, போய், கதவின் கைப்பிடியில் கை வைத்தார். "வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணும் சார்," என்றாள் தேன்குரல். "உக்காருங்க."

கைப்பிடியில் இருந்த கை அப்படியே நின்றது.

குறைதீர்க்கும் பிரிவின் பொன்னான வரலாற்றில், அந்தக் கேள்விக்கு 'வேணும்' என்று பதில் வந்தது அதுவே முதல் தடவை என்று கம்பெனி சொல்லிக்கொள்ளலாம். முதல் தடவை அல்ல என்பது இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். அதுவரை வந்த 'வேணும்' எல்லாவற்றையும் பாதியிலேயே துண்டித்த ஆள்காட்டி விரல் அவளுடையதுதான். அந்த விரலை மடியில் இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் லைனில் காத்திருந்தாள்.