ஓவர் சாரும் மூன்று குழி இட்லித் தட்டும்

தாம்பரத்தில் அந்த நாளில் பேச்சு வன்மைக்குக் குறைச்சலே இல்லை. எலக்ட்ரிக் ரயிலில் ஏறினால் பெட்டிக்கு நாலு பேச்சாளர்கள் தேறுவார்கள். ஆனால் தான் ஆரம்பித்த வாக்கியத்தைத் தானேதான் முடிப்பேன், எவன் குறுக்கே வந்தாலும் விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்ற மனிதர் செங்கல்பட்டு வரை தேடினாலும் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஓவர் சார்.

எழுபதுகளின் நடுவில் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகிற வழியில், நாலு போர்ஷன் வைத்த ஒரு வீட்டில் குடியிருந்தோம். முதல் போர்ஷனில் நானும் என் மனைவியும். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்ததால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நன்றாகவே இருந்தது. அடுத்த போர்ஷனில் ஓவர் சாரும் அவர் மனைவி எஸ்தர் அக்காவும். அவர் பம்மலில் ஒரு பட்டறையில் இயந்திரங்களுக்குப் படம் வரைகிற வேலையில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது என்று கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அவருக்குத் திக்குவாய். இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேடிக்கையெல்லாம் அவர் பேச்சில் இல்லை, கேட்கிற எங்கள் காதில்தான் இருந்தது. அவர் வாயைத் திறந்து முதல் எழுத்தைச் சொன்னதும் மீதியைச் சொல்லிக் கொடுக்க ஊரே ஓடிவரும். அதுவும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்குமா என்றால் அதுவும் கிடையாது. பஸ்ஸில் அவர் "ப" என்பதற்குள் கண்டக்டர் பல்லாவரத்துக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். மனிதர் போக வேண்டியதோ பம்மலுக்கு. பல்லாவரத்தில் இறங்கிப் பம்மல் வரை அவர் நடந்து போவதைப் பார்த்து, உடம்பைக் கவனித்துக்கொள்கிற ஆள் என்று நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தோம்.

இதில் சாம்பியன் எஸ்தர் அக்கா. பாசம் பொங்கிவிடும் அவருக்கு. கணவர் "கா" என்றால் காபி வந்து நிற்கும். அவர் சொல்ல வந்தது காது வலி. காபியைக் குடித்துவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டாவது இடம் எனக்கு. எனக்குப் பிறவியிலேயே பொறுமை கிடையாது. என் மனைவி சொல்லும் கதைகளையே பாதியில் முடித்துவைத்து வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான்.

இப்படியிருக்கையில்தான் அவருக்கு ஹாம் ரேடியோ என்கிற சமாசாரம் தெரியவந்தது. அரசாங்கம் வைக்கிற பரீட்சையில் பாஸ் செய்து லைசென்ஸ் வாங்கினால், வீட்டிலேயே ஒரு சின்ன வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு, அதே பைத்தியம் பிடித்த வெளியூர்க்காரர்களோடு பேசலாம். அதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது அடுத்தவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். முடித்து "ஓவர்" என்று சொல்லிப் பொத்தானை விட்ட பிறகுதான் அடுத்தவர் முறை. இந்த விதியைப் படித்த அன்று அவர் என்னைத் தேடி வந்து, நான் குறுக்கிடாதபடி என் வாய்க்கு நேரே கையை நீட்டிக்கொண்டு சொன்னார்:

"பிரதர், நான் பட்டனை விடற வரைக்கும் எதிர்ல இருக்கறவன் என் வார்த்தையை மு… முடிக்க முடியாது. ஓவர்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். லைசென்ஸ் வருவதற்கு முன்பே விதியை அமல்படுத்திவிட்டார். கடையோ பட்டறையோ, பேச ஆரம்பித்ததும் போலீஸ்காரர் லாரியை நிறுத்துகிற மாதிரி இடது கை மேலே போகும். "ஓவர்" என்ற பிறகுதான் இறங்கும். நடுவில் யாராவது வாய் திறந்தால் முதல் வார்த்தையிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார். கண்டக்டரிடம் இப்படி நின்றதில் ஒரு நாள் பஸ் கிளம்பக் கால் மணி நேரம் தாமதம் என்று சொல்வார்கள். ஆனால் அன்று அவர் பம்மலிலேயே இறங்கினார்.

விழுந்து விழுந்து படித்து லைசென்ஸும் வாங்கிவிட்டார். ஒவ்வொரு ஹாமுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அழைப்புக்குறி தருவார்கள். அதுதான் காற்றில் அவருடைய பெயர். எத்தனையோ எழுத்து இருக்க, இவருடைய குறியின் கடைசியில் வந்து விழுந்தது ஆங்கில "பி". வானொலி வழக்கில் அதைப் "பாப்பா" என்று சொல்ல வேண்டும். "ப" வரிசைதான் அவருக்குப் பரம வைரி. வேறு எழுத்து கேட்டு எழுதிப் போடலாமே என்றேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

பெங்களூர்ப் பக்கத்து ஹாம்கள் சிலர் சேர்ந்து, வசதியில்லாதவர்களுக்காக மலிவாக ஒரு கிட் தயாரித்துத் தபாலில் அனுப்பினார்கள். அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டி. பெட்டி என்றா சொன்னேன்? பெட்டியை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். வந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு, பொட்டலம் பொட்டலமாகச் சில்லறைச் சாமான்கள், ஒரு கண்டு செப்புக் கம்பி. கம்பியை எண்ணி எண்ணிக் காயில் என்கிற சுருளாகச் சுற்ற வேண்டும். அவர் பவுடர் டப்பா மேல் சுற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து கறிவேப்பிலை கேட்டால் எண்ணிக்கை போய்விடும். அத்தனையையும் பிரித்து முதலிலிருந்து சுற்றுவார், முகம் சுளிக்காமல். கறிவேப்பிலை கேட்டது பெரும்பாலும் நான்தான்.

ஈயம் பற்றவைக்கிற சால்டர் புகையில் ஒரு மாதம் வெந்து பெட்டி உயிர் பெற்றது. தென்னை மரத்தில் ஒரு முனையும், பின்தெருவில் சர்ச் மதிலை ஒட்டிய வேப்ப மரத்தில் மறுமுனையுமாக ஏரியல் கம்பியைக் கட்டினார். ஆனால் அந்த மலிவுக் கிட்டில் குரல் போகாது. தந்தி ஆபீஸ் மாதிரி கட்டுக்கடா என்று தந்தி அடிக்கத்தான் முடியும். அவருடைய லைசென்ஸும் அப்போதைக்கு அதற்கு மட்டும்தான். குரலுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. "நல்லதாப் போச்சு சார், தந்தியில திக்காதே" என்றேன், பெரிய உபகாரம் செய்கிறவன் மாதிரி. அவர் கையைத் தூக்கவில்லை. ஓவர் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் பாட்டுக்குச் சாயங்காலங்களில் தந்தி அடித்துக்கொண்டிருந்தார். பேசியதற்கு அத்தாட்சியாக ஊர் ஊரிலிருந்து அட்டைகள் வந்து குவிந்தன. அதே சமயம் சர்ச்சில் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தின்போது ஒலிபெருக்கிக் குழாயில் டக்டக்கென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. போதகர் அதைப் பல்லி என்று முடிவு செய்தார். மைக் செட்டைப் பார்த்துக்கொள்கிற மைக்காரர் இரண்டு பல்லிகளைப் பிடித்து அப்புறப்படுத்தியும் சத்தம் நிற்கவில்லை. ஏரியல் கம்பியும் குழாய்க்குப் போகிற ஒயரும் மதிலோரமாக அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்து போவதை யாரும் கவனிக்கவில்லை.

அட்டைகளை அனுப்பிக் குரல் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு, கிட்டை மாற்றிக் கட்ட இறங்கினார். அதற்கு முக்கியமாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மார்க்கெட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் தங்கமான மனிதர். ஆனால் என்னை விட அவசரக்காரர். இவர் "டிரான்ஸ்" என்று ஆரம்பித்ததுமே, ரேடியோவுக்குள் வைக்கிற சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றைப் பொட்டலம் கட்டிவிட்டார். அப்படி மூன்று தடவை. அவர் பேசாவிட்டாலும் நாலாவது தடவை நானும் கூடப் போயிருந்தேன். இவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பாய் என்னைப் பார்த்து, "இன்னா சார் இது, பேஜாரா கீது. ஓவர் ஆச்சா, இல்லியா? கஸ்டமர் நின்னுகினு கீறாங்கல்ல" என்றார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சொல்லி முடித்து டிரான்ஸ்ஃபார்மரை வாங்கிக்கொண்டார். வழியில் அவராகவே என்னோடு பேசினார்.

மூன்று டிரான்சிஸ்டரையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்தவர்கள் முடித்துவைத்த வார்த்தைகள் அவை, அவற்றை வைத்தே பேசிக் காட்டுகிறேன் என்றார். மூன்றையும் சேர்த்துப் பெட்டியில் பொருத்தினார். அவை நெருப்பாகச் சுட்டன. சூட்டை வாங்கிக்கொள்ள நல்ல கனத்தில் ஓர் அலுமினியத் தகடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்.

அந்த வாரம் எஸ்தர் அக்காவின் இட்லித் தட்டு காணாமல் போயிற்று. மூன்று குழி வைத்தது, அவர் அம்மா வீட்டுச் சீர். கடைசியாக அதை இரவல் வாங்கியது என் மனைவி. திருப்பிக் கொடுத்தாயிற்று என்று இவள் சொல்ல, வரவில்லை என்று அவர் சொல்ல, இரண்டு போர்ஷனுக்கும் நடுவே பேச்சு அறுந்தது. எங்கள் சமையலறையிலிருந்து ஆவி வந்தால் எஸ்தர் அக்கா ஜன்னலைச் சாத்துவார். ஓவர் சார் இந்த யுத்தத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், சொல்ல வராமல் கஷ்டப்படுகிறார் என்று நான் இரக்கப்பட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அனுமதி வந்தது. ஞாயிறு காலை எட்டரைக்கு கிட் அனுப்பிய அந்த ஹாம்கள் எல்லோரும் காற்றில் கூடுவார்கள். பெங்களூரில் ஒரு தமிழர் ஒவ்வொருவராக அழைக்க, இவர்கள் பேர் ஊர் சொல்லிப் பேச வேண்டும். ஞாயிறு காலையில் ஓவர் சார் ஜுரம் என்று போர்வையைப் போர்த்திக்கொண்டார். எஸ்தர் அக்கா மட்டும் சர்ச்சுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் ஓவர் சார் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

பெரிய ஹெட்போன் ஒன்றைக் காதில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெங்களூர்க்காரர் புதியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். இவர் பொத்தானை அழுத்தினார். அழைப்புக்குறியின் முதல் எழுத்துகள் ஒருவழியாக வந்துவிட்டன. கடைசி எழுத்தில் "பா" என்று நின்றுவிட்டது.

அதே "பா" ஜன்னல் வழியாகவும் என் காதில் விழுந்தது. இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி, சர்ச் குழாயிலிருந்து.

ஹெட்போன் போட்டிருந்ததால் அவருக்கு வெளிச் சத்தம் கேட்கவில்லை. தோளைத் தொட்டுச் சொல்லிவிடலாம். சொன்னால் பொத்தானை விட்டுவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் தொடமாட்டார். சொல்லாவிட்டால், அவர் எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு வளர்ந்தாரோ அது ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் நடக்கும். அவருடைய இடது கை பழக்கத்தில் மேலே போயிருந்தது. பிறந்தது முதல் யாரையும் பேசி முடிக்க விடாத நான், என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டேன்.

சர்ச்சில் நடந்ததைப் பிற்பாடு அக்காவே சொன்னார். மௌனமாக ஜெபிப்போம் என்று போதகர் சொல்லி எல்லோரும் கண்ணை மூடிய நேரம். குழாயில் "பா… பா…" என்று வந்ததும், பழக்கதோஷத்தில் அக்கா கண்ணை மூடியபடியே "பாப்பா" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். குழாய் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மறுபடியும் "பா" என்றது. அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. மைக்காரர் சுவிட்சை அணைக்க ஓடியபோது அக்கா எழுந்து நின்றாராம்.

"அணைக்காதீங்க தம்பி. அவர் இன்னும் ஓவர் சொல்லல."

சபை காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். பெங்களூரில் முகம் தெரியாத ஒருவரும் காத்திருந்தார். "பாப்பா" வந்தது. அதன் பிறகு பேர் வந்தது, தாம்பரம் வந்தது, நின்று நின்று, ஆனால் ஒன்று விடாமல் வந்தது. உற்சாகம் தலைக்கேறிவிட்டது மனிதருக்கு. பெட்டி கிட்டை மாற்றிக் கட்டியது என்றார். சூடு தாங்க மனைவியின் இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக மூன்று ஓட்டை போட்டிருக்கிறேன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை, பாவம் பக்கத்து வீட்டுப் பெண் மேல் பழி விழுந்திருக்கிறது என்றார். ஜுரம் என்று பொய் சொல்லிச் சர்ச்சுக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். பிறகு, ரொம்பத் தெளிவாக, "ஓவர்."

குழாயில் போதகர் "ஆமென்" என்றார்.

பெங்களூரிலிருந்து பதில் வந்தது. ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி என் காதில் வைத்தார். கரகரவென்ற இரைச்சலுக்குள் ஒரு குரல், எல்லாம் கேட்டது, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஓவர் சார் அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

பதினொரு மணிக்கு எஸ்தர் அக்கா வந்தார். குழாய் விஷயத்தை நான் அதற்குள் சொல்லியிருந்ததால் ஓவர் சார் முகம் வெளிறிப்போய் நின்றார். "இ… இ…" என்று ஆரம்பித்தார். என்ன சொல்லப்போகிறார் என்று சேலையூர் முழுக்கத் தெரியும். அக்கா பைபிளை மார்போடு பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். அந்த "இ" இட்லித் தட்டாகி, ஓட்டையாகி, மன்னிப்பாகி, "ஓவர்" என்று முடிகிற வரைக்கும் உதட்டைக்கூட அசைக்கவில்லை. முடிந்ததும் நேரே எங்கள் போர்ஷனுக்கு வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏரியலை மறுநாளே இடம் மாற்றிக் கட்டினார்கள். மைக்காரர்தான் மரம் ஏறினார். சில வருஷம் கழித்து அவர்கள் வேலை மாற்றிக்கொண்டு கோயமுத்தூர்ப் பக்கம் போனபோது, எஸ்தர் அக்கா அந்தத் தட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போதும் அது எங்கள் வீட்டில் இருக்கிறது. துணியைப் போட்டு மாவை ஊற்றினால், ஓட்டை வழியாக இறங்கி ஒவ்வொரு இட்லிக்கும் அடியில் ஒரு சின்னக் கொம்பு முளைக்கும். பேரப்பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த மூன்றும் எனக்கு. வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை. ஓவர்.