பதினான்கு பக்க மனு

இலக்கியம், எழுதுகிறவர்களால் வாழ்கிறது என்று ஒரு வதந்தி உலவுகிறது. உண்மையில் அதைத் தாங்கி நிற்பவர்கள், எழுதுவதைப் பற்றிப் படிக்கிறவர்கள். திண்டுக்கல் மாவட்டத்தைப் பொறுத்தவரை அந்தப் பாரம் முழுவதும் என் தலையில்தான் இருக்கிறது.

பெயர் அப்துல் கையூம். பேகம்பூரில் தோல்பைக் கடை. என் அலமாரியில் எழுத்தாளர்களின் தன்வரலாறுகள் நாற்பத்தொன்று. ‘எழுதுவது எப்படி’ வகையறா அறுபத்து மூன்று. எவர் நின்றுகொண்டே எழுதினார், எவர் மாமனாரோடு சண்டை போட்ட பிறகே எழுதினார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்கள் எழுதிய கதைகளைப் படித்திருக்கிறீர்களா என்று சிலர் கேட்பதுண்டு. சமையலறையையே பார்த்துவிட்டவனுக்குச் சாப்பாடு எதற்கு?

இப்பேர்ப்பட்ட என்னிடம்தான், என் கடையில் பை தைக்கும் ராமுத்தாய் ஒருநாள் வந்து நின்றார். வேடசந்தூர் போகும் வழியில் அவருடைய ஊர். மகள் சுகன்யா வேடசந்தூரில் நூல் மில்லுக்குப் போகிறாள். காலை ஐந்தே கால் பஸ் சில நாட்களாக அந்த ஊரில் நிற்பதில்லை.

“பாய், அடுத்த ஸ்டாப்புக்கு மூணு மைலு நடக்குது புள்ள. ஒரு நாள் லேட்டாயிருச்சு. மூணு நாள் லேட்டானா வேலைய விட்டு நிப்பாட்டிருவாகளாம். திங்கக்கெழம கலெக்டர்ட்ட குடுக்க ஒரு மனு எழுதித் தாங்க. நீங்கதேன் இம்புட்டுப் பொஸ்தகம் படிக்கிறீகளே.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உடனே ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டதும் எழுதிவிட முடியுமா? மேஜை ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டும் என்கிறது ஒரு நூல். பார்க்கவே கூடாது என்கிறது இன்னொன்று. இரண்டையும் மதித்து மேஜையைத் திருப்பித் திருப்பிப் போட்டதில் முதல் திங்கள் போயிற்று.

அடுத்த வாரம் உட்கார்ந்தேன். ‘உனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கு’ என்பது அறுபத்து மூன்று நூல்களின் ஏகமனதான தீர்மானம். எனக்கு நன்றாகத் தெரிந்தது நான்தான். ஆகவே மனு இப்படித் தொடங்கியது: ‘மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, நான் பிறந்த அன்று பேகம்பூரில் நல்ல மழை.’

என் மனைவி ஷரீஃபா எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, பதினாலு பக்கம் ஆயிருச்சு. பஸ் எந்தப் பக்கத்துல வருது?”

“அவசரப்படாதே. நான் இன்னும் அஞ்சாங்கிளாஸே தாண்டல.”

“கலெக்டருக்கு எதுக்குங்க உங்க சுன்னத்துக் கல்யாணம்?”

“அதுதான் நாயகனோட முதல் காயம். அது இல்லேன்னா உருக்கம் வராது.”

இரண்டாவது திங்களும் போயிற்று. ராமுத்தாய் வந்தார். “பாய், ரெண்டாந்தடவையும் லேட்டாயிருச்சு.” ‘நெருக்கடி முற்றுகிறது’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். முதல் வரைவைக் கிழித்துப் போடாதவன் எழுத்தாளனே அல்ல என்று பச்சை அட்டை நூல் ஒன்று சொல்கிறது. கிழித்தேன். மூன்றாவது திங்கள் அதிலே போயிற்று.

நான்காவது திங்கள் சுகன்யா தானே கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். முந்தின சனிக்கிழமை மூன்றாவது முறையும் லேட்டாகி வேலை போய்விட்டதால் அவளுக்கு அன்று நேரம் இருந்தது. நோட்டில் கிழித்த தாளில் நாலே வரி: ‘ஐந்தே கால் பஸ் எங்கள் ஊரில் முன்பு நின்றது. இப்போது நிற்பதில்லை. பத்துப் பெண்கள் மில்லுக்குப் போக மூன்று மைல் நடக்கிறார்கள். பஸ் மறுபடி நிற்க வேண்டும்.’ வர்ணனை இல்லை, ஆசிரியரின் குழந்தைப் பருவம் அறவே இல்லை. வியாழக்கிழமை பஸ் நின்றது. நிர்வாகத்தின் ரசனை அவ்வளவுதான்.

நான் தளரவில்லை. நல்ல தன்வரலாற்றுக்கு ஓர் இழப்பு அவசியம். யாருடைய இழப்பு என்று எந்த நூலும் கறாராகச் சொல்லவில்லை. ஆறே மாதத்தில் ‘ஒரு மனுவின் பிரசவம்’ என்ற என் நூல் வெளிவந்தது. 212 பக்கம். வெளியீட்டு விழாவில் பிரியாணி போட்டதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பேசியவர்கள் அனைவரும் என் ‘வலி’யைப் பாராட்டினார்கள். ராமுத்தாய்க்கு இலவசமாகவே ஒரு பிரதி கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பிரதியோடு சுகன்யா கடைக்கு வந்தாள். இப்போது பூ மார்க்கெட்டில் பூக் கட்டுகிறாளாம்.

“முழுசாப் படிச்சேன் பாய். மேஜையத் திருப்பிப் போட்டது மட்டும் நாப்பது பக்கம் வருது. நீங்க எழுதுறீகன்னு நம்பி மூணு வாரம் சும்மா இருந்தோம். எனக்கு வேல போச்சு. அது எந்தப் பக்கத்துல வருது?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினேன். முதல் பக்கத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் எனக்கு நானே நன்றி சொல்லியிருந்தேன். நடுவில் எங்கேயும் சுகன்யா என்ற பெயரே இல்லை.